கொம்பு விளையாட்டிலே பெண்மையும் நகையும்

ஒரு சமுதாயம் ஆணையும் பெண்ணையும் எங்ஙனம் மதித்தது என்பதை அறிய விழைவோர் அதன் சட்டங்களையும் சாசனங்களையும் ஆராய்வதோடு அமைதல் சாலாது. அது எதனைக் கண்டு சிரித்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து, எள்ளலை அதன் நிலைக்களங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. உரைகாரராகிய பேராசிரியர், பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதலும் என அதனை இரண்டாக வகுப்பர். இவ்விரண்டும் ஒருங்கமைந்த குடும்ப நகைச்சுவை ஒன்று மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெடுங்காலம் ஆடப்பெற்று வந்தது. அதுவே கொம்புமுறி எனவும் வழங்கும் கொம்பு விளையாட்டு.

கோவலனும் கண்ணகியும் பூக்கொய்யச் சென்றவிடத்து அவர்தம் துறட்டிகள் ஒன்றோடொன்று சிக்கின. இருவரும் இழுக்கக் கண்ணகியே வென்றாள் என்பது இதன் தோற்றம் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று. மதுரையை எரித்த தேவியின் சினம் தணிய இடையர் ஆடினர் என்பது மற்றொன்று. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். முன்னையது கோவலனையும் பின்னையது கண்ணகியையும் சாரும். வளைந்த மரக்கொம்புகள் இரண்டினைக் கொளுவி, வடம் பிணித்து இரு கட்சியாரும் இழுப்பர். கொம்பு முறிந்தோர் தோற்றோராவர். வென்றோர் அவரை வசைப்பாடல்களால் எள்ளுவர். சிங்கள மக்களிடையே 'அங்கெலிய' என வழங்கும் விளையாட்டும் இவ்வகையினதே. கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி கணவன் பிரிந்த காலத்தும் அவனோடு முரணி நின்றாளல்லள். கொம்புக் களத்துக் கண்ணகியோ அவனுக்கு எதிர்நின்று இழுக்கின்றாள். கணவன் தோற்பது கண்டு ஊர் மகிழ்கின்றது. இம்மகிழ்ச்சிக்கு அந்நிலத்தின் வாழ்க்கை முறையும் இடந்தந்தது எனலாம். அங்கே குடி தாய்வழியே எண்ணப்படும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அவள் வீட்டிலே சென்று வாழ்வான். மனைவியின் கூரையின்கீழ் வாழும் ஆடவனுக்குக் கோவலன் நிலை முற்றும் புதிதன்று! முதுசொத்தைத் தாய்வழியே செலுத்திய முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1876இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதன் வலிமையைப் போக்கியது. எனினும் வீட்டைப் பெண்ணுக்கு அளிக்கும் வழக்கம் அழியவில்லை.

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. வடம் பிடித்தோர் ஆடவரே. கண்ணகியின் கட்சியும் ஆடவர் கட்சியே. கோயில் வண்ணக்கர் பதவி தாய்வழிக் குடியுரிமையாக வந்ததேனும், அதில் அமர்ந்தோர் ஆடவரே. வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் பெண்வேடத்தை ஆடவரே தாங்கினர். பெண்ணின் பெயரால் வெற்றி கொண்டாடப்பட்டது. எள்ளி நகும் உரிமை அவளுக்கு அக்களத்திலே கிட்டவில்லை.

இந்நிலை மட்டக்களப்புக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960இல் தொடங்கிய 'பிளின்ஸ்டோன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடர் கற்காலக் குடும்பம் ஒன்றைக் காட்டியது. கணவன் பிரெட் கல்லுடைக்கும் பணிக்குச் செல்ல, மனைவி வில்மா இல்லம் காக்கின்றாள். கணவனின் பேதைமையே நகைப்பொருள், அறிவு மனைவியிடத்தது. ஆனால் நகை அடங்கியதும் இல்லத்தின் முறைமை முன்போலவே நிற்கின்றது. தம் காலத்து இல்லறத்தையே கற்காலத்திலும் வைத்துக் கண்டனர் அதனை ஆக்கியோர். கணவனின் தோல்வி நகைக்கு இனிது. எனினும் அது பெரும்பாலும் களத்தோடே முடிந்துவிடுகின்றது.

கொம்பு விளையாட்டு இன்று அருகிவிட்டது. வைகாசியிலே கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் மரபோ வாழ்கின்றது. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர். ஆடவர் பெண்ணாக நடித்த அரங்கிலே பெண்ணே ஏறி நிற்பது சிறிய மாற்றமன்று. கண்ணகி வென்றாள் என்னும் செய்தியைப் பெண்ணின் குரலும் சேர்ந்து சொல்லும்போதே அப்பழைய வெற்றி நிறைவெய்தும்.