பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமும் மூடில் கற்றல் தளமும்

பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இரவு 11.30 மணிப் பதற்றம் பழகிப்போன ஒன்று. 12 மணிக்குள் ஒப்படை ஏற்றப்பட வேண்டும். பிள்ளை கணினியில் திறந்து வைத்திருக்கும் அந்தத் தளத்தில்தான் விரிவுரைக் குறிப்பு, வினாக்கள், புள்ளிகள், விரிவுரையாளரின் கருத்து எல்லாம் இருக்கின்றன. அதனைக் கற்றல் முகாமைத்துவ முறைமை என்கிறார்கள். பல்கலைக்கழகம் அதனை வாடகைக்கு எடுத்திருக்கிறதா, தானே நடத்துகிறதா என்று பிள்ளையும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. பிள்ளையின் மூன்று நான்கு வருட எழுத்தும் அதற்குள்தான் கிடக்கிறது.

இத்தகைய தளங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு நிறுவனம் எழுதி, மாணவர் தொகைக்கு ஏற்ப ஆண்டுக் கட்டணம் பெற்றுக்கொண்டு பாவிக்க விடுவது. அதன் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாங்கிய பல்கலைக்கழகம்கூடப் பார்க்க முடியாது. மற்றையது திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் எடுக்கலாம், வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் கொடுக்கலாம். இரண்டாம் வகையில் உலகெங்கும் மிகப் பரவலாகப் பாவிக்கப்படுவது மூடில். தமிழ்க் காதுக்கு 'மூடு' என்று கேட்கிற பெயர் ஒரு திறந்த மென்பொருளுக்கு அமைந்தது வேடிக்கைதான்.

மூடிலை உருவாக்கியவர் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆளரவம் குறைந்த உட்பகுதியில் வளர்ந்தவர். அங்கு பாடசாலைக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்குச் சிற்றலை வானொலியில் பாடம் நடக்கும். தாள்கள் விமானத்தில் வரும். சிறுவயதில் அப்படிப் படித்தவர், பின்னர் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சீரீ என்ற வணிகக் கற்றல் தளத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். அதன் போதாமைகளைத் தினமும் கண்டவர், திருத்தும் உரிமை தனக்கு இல்லாததால் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் மாதத்தில் மூடிலின் முதலாவது முழுப் பதிப்பு வெளியானது. குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால் அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது.

தொடக்கத்தில் பாடசாலைகளும் சிறிய கல்லூரிகளும்தான் அதனைக் கூடுதலாக எடுத்துப் பார்த்தன. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பாரத்தை அது தாங்குமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. அந்தச் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்து வைத்தது பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் எடுத்த முடிவு.

இந்தப் பல்கலைக்கழகத்தை எம்மவர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1969இல் அரச பட்டயம் பெற்று, 1971 ஜனவரியில் கற்பித்தலைத் தொடங்கியது. தலைமையகம் மில்ரன் கீன்ஸ் நகரில் இருக்கிறது. பெரும்பாலான பட்டப் பாடங்களுக்கு முன்தகுதிச் சான்றிதழ் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்வதே அதன் கொள்கை. உயர்தரப் பரீட்சை எழுத முடியாமல் வெளிக்கிட்டவருக்கும், எழுதிய சான்றிதழை வீட்டோடு இழந்தவருக்கும் அந்தக் கொள்கையின் பெறுமதி என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. பகலில் கடையில் நின்று, இரவில் படித்து, அங்கே பட்டம் முடித்தவர்கள் எமது சமூகத்திலும் இருக்கிறார்கள்.

பீபீசியின் நள்ளிரவுத் தொலைக்காட்சிப் பாடங்களும் தபாலில் வரும் புத்தகங்களும்தான் அதன் ஆரம்ப அடையாளம். 1990களில் மின்னஞ்சலும் இணைய உரையாடல் அரங்குகளும் சேர்ந்தன. 2000களின் நடுப்பகுதியில் ஒப்படைக்கு ஒரு முறைமை, உரையாடலுக்கு இன்னொன்று, பாடப் பக்கங்களுக்கு வேறொன்று என்று உள்ளேயே பல மென்பொருட்கள் பெருகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மாணவர் தொகையோ ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அவர்களில் பல்லாயிரம் பேர் பார்வைக் குறைபாடு உள்ளிட்ட மாற்றுத்திறனுடையோர். அவர்களின் தேவைக்குத் தளத்தை மாற்ற வேண்டும் என்றால் விற்பனை நிறுவனத்தின் தயவுக்குக் காத்திருக்க முடியாது. 2005 நவம்பரில், மூடிலை அடித்தளமாகக் கொண்டு தனது கற்றல் தளத்தை அமைக்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்தத் திட்டத்தின் மொத்த முதலீடு சுமார் 50 இலட்சம் பவுண்.

இலவச மென்பொருளுக்கு 50 இலட்சம் பவுணா என்று கேட்கத் தோன்றும். திறந்த மூலம் பற்றி எமது சங்கக் கூட்டங்களிலும் பாடசாலைக் கூட்டங்களிலும் கதைக்கும்போது தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிற இடம் இதுதான். உரிமத்துக்குப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வழங்கிக் கணினி வேண்டும், அதனைக் கவனிக்க ஆட்கள் வேண்டும். மாணவர் பதிவேட்டுடன் தளத்தை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடத்திலிருந்து விலகிய மாணவருக்கும் கதவு திறந்தே கிடக்கும். பழைய பாடங்களைப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பழக்க வேண்டும். வணிக மென்பொருளிலும் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி உண்டு, அத்தோடு உரிமக் கட்டணமும் சேரும். திறந்த மூலத்தில் பணம் உரிமத்துக்குப் போகாமல் பெரும்பாலும் ஆட்களுக்குப் போகிறது. அந்த ஆட்களின் அறிவு நிறுவனத்துக்குள்ளேயே தங்குகிறது. அவர்களை வைத்திருக்க முடியாத இடத்தில் மூடிலும் ஓராண்டில் பாழடைந்துவிடும்.

திறந்த பல்கலைக்கழகம் ஆட்களை வைத்திருந்தது. அங்கு பணியாற்றும் ரிம் ஹன்ற் மூடிலின் வினாவிடைப் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவர். அவர் திரும்ப எழுதிய வினா இயக்கம் 2011இல் வெளியான மூடில் 2.1 பதிப்பில் சேர்ந்தது. ஒரு மாணவி கேள்விக்குப் பிழையான விடை கொடுத்தால் ஒரு குறிப்பைக் காட்டி, இரண்டாவது தடவை முயலவிட்டு, புள்ளியைச் சற்றுக் குறைத்துக் கொடுப்பது போன்ற வசதிகள் தொலைக்கல்வியில் முக்கியமானவை, ஏனென்றால் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. மில்ரன் கீன்ஸில் அந்தத் தேவைக்காக எழுதப்பட்ட நிரல் இன்று உலகின் எந்த மூலையிலுள்ள மூடிலிலும் இருக்கிறது. பிரித்தானிய மாணவர் கட்டணத்தில் எழுதப்பட்டதை ஆபிரிக்கக் கல்லூரி ஒன்று காசில்லாமல் எடுக்கலாம். கணித விடைகளைத் திருத்தும் ஸ்ராக் என்ற கருவியும் இப்படி வளர்ந்ததுதான். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் தொடங்கிய அதனை மூடிலுக்குள் வினா வகையாகக் கொண்டுவருவதில் திறந்த பல்கலைக்கழகமும் பங்கெடுத்தது.

இதனைத் தனியே தாராள மனதாக எடுக்கத் தேவையில்லை. தனது கணினியில் மட்டும் பாவிக்கும் மாற்றத்தை வெளியிடும்படி அந்த உரிமம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மூடிலின் புதிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு தடவை வருகின்றன. மையநிரலில் கைவைத்து மாற்றங்கள் செய்த பல்கலைக்கழகம் ஒவ்வொரு தடவையும் அந்த மாற்றங்களை மீண்டும் பொருத்த வேண்டும். சில வருடங்களில் அது தாங்க முடியாத சுமையாகிவிடும்; பதிப்பை உயர்த்தாமலே விட்டுவிடுவார்கள்; பாதுகாப்பு ஓட்டைகள் சேரும். மாற்றத்தைப் பொதுநிரலுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த பதிப்பிலேயே அது கூடவே வந்துவிடும். அதற்கு வழியில்லாதவற்றைத் தனியான செருகுநிரலாக எழுத வேண்டும். மூடிலை எடுக்க நினைக்கும் எந்த நிறுவனமும் முதலில் எழுதி ஒட்ட வேண்டிய விதி இதுதான் என்பது என் எண்ணம்.

திறந்த பல்கலைக்கழகம் முடிவை அறிவிப்பதற்கு ஒரு மாதம் முன்னர், 2005 ஒக்ரோபரில், சந்தையின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்தது. அமெரிக்காவின் பிளக்போர்ட் நிறுவனம், டூகியாமஸ் பராமரித்த அதே வெப்சீரீயைச் சுமார் 18 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வெப்சீரீயை நம்பியிருந்த பல்கலைக்கழகங்களைக் கேட்டு அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் பிளக்போர்ட்டுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒரே பயனர் ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொன்றில் ஆசிரியராகவும் இருக்கக்கூடிய அமைப்பு அதனுள் அடங்கியிருந்தது. 2006 ஜூலையில், கனடாவின் ஒன்ராறியோவைச் சேர்ந்த டிசயர்ரூலேர்ண் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. திறந்த மூலக்காரரும் கலங்கினார்கள்; 2007 பெப்ரவரியில் அவர்கள் மீது இந்த உரிமையைப் பிரயோகிக்கமாட்டோம் என்று பிளக்போர்ட் உறுதிமொழி கொடுத்தது. 2008இல் ரெக்சாஸ் நடுவர் குழு பிளக்போர்ட்டுக்கு 31 இலட்சம் டொலர் தீர்த்தது. 2009 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்றது. 2012இல் அதே பிளக்போர்ட், மூடில் சேவை வழங்கும் மூடில்றூம்ஸ், நெற்ஸ்பொற் என்ற இரண்டு நிறுவனங்களை விலைக்கு வாங்கியது. நிறுவனங்களை வாங்கலாம், மூடிலின் நிரலை வாங்கிப் பூட்ட முடியாது என்ற வேறுபாடு அங்கே தெரிந்தது.

மூடிலை எடுத்தவர்கள் எல்லோரும் அதிலேயே நின்றுவிடவில்லை. கனடாவின் தொலைக்கல்விப் பல்கலைக்கழகமான அதபாஸ்கா அதனைப் பல வருடங்கள் பாவித்துவிட்டு, டிசயர்ரூலேர்ண் நிறுவனத்தின் வணிகத் தளத்துக்கு மாறத் தீர்மானித்தது. சொந்தமாக நடத்தும் சுமை ஒரு கட்டத்தில் கசந்துபோவது இயல்பு. மூடிலில் பாடங்களைக் கோப்பாக இறக்கி எடுக்க முடியும் என்பதால் வெளியேறும் கதவாவது திறந்திருக்கிறது.

இலங்கையிலும் மூடில் பழைய விருந்தாளி. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி தனது வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு அதனைப் பாவித்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கற்றல் தளமும் மூடில்தான். 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களைத் தரவுக் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. தளங்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த வழங்கிகளில், லேர்ண் என்ற கல்வி வலையமைப்புக்குள் இருந்ததால் அந்த ஏற்பாடு இலகுவானது. கைபேசியில் 'டேற்றா' போடக் காசில்லாத ஊர் மாணவருக்கு அது பெரிய காரியம்.

மூடிலுக்குத் தமிழ் மொழிப்பொதியும் உண்டு. பொத்தான்கள், அறிவிப்புகள், பிழைச் செய்திகள் எல்லாம் தனித்தனி வரிகளாக மொழிபெயர்ப்புத் தளத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு ஒன்றைத் திறந்து எவரும் தமிழ் வரியை முன்மொழியலாம், மொழிப்பொதியின் பொறுப்பாளர் பார்த்துச் சேர்ப்பார். பொதி இன்னும் முழுமையாகவில்லை. தமிழில்லாத வரிகள் ஆங்கிலத்திலேயே தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்று தன் 200 பிள்ளைகளுக்கு மூடில் நிறுவ ஒரு சிறிய வாடகை வழங்கியே போதும். நிறுவுவதற்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை பதிப்பை உயர்த்தவும், வாரம்தோறும் பிரதி எடுத்து வைக்கவும், கடவுச்சொல்லை மறந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். நிர்வாகக் கூட்டத்தில் அந்த ஒருவரின் பெயரை எழுதிய பிறகு நிறுவுவது நல்லது.