அடங்காத பிள்ளையா, தாங்க முடியாத பிள்ளையா? ஆசிரியர்களும் உஸ்தாதுகளும் கவனிக்க

மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை என நம் தாமிரபரணிப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் பலர் பகலில் பள்ளிக்கூடத்திலும், காலையிலோ மாலையிலோ மக்தப் மதரஸாவிலும் ஓதிப் படிக்கிறார்கள். சில பிள்ளைகளைப் பற்றி இரண்டு இடத்திலிருந்தும் ஒரே புகார் வரும். "ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்", "எல்லோரும் ஓதினால் காதைப் பொத்திக்கொள்கிறாள்." உடனே சேட்டை, பிடிவாதம் என்று முடிவு செய்து கண்டிக்கிறோம். ஆனால் அவர்களில் சிலருக்கு இருப்பது புலனுணர்வுச் சிக்கலாக இருக்கலாம்.

இது என்ன?

ஐம்புலன்களோடு, சமநிலையை உணரும் உட்காதும், கை கால் இருக்கும் நிலையை உணர்த்தும் தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. வேண்டியதை எடுத்து, வேண்டாததை விடுவது மூளையின் வேலை. அது சீராக நடக்காதபோது சிறு சத்தமும் வலியாகிறது. சில பிள்ளைகளுக்கோ பெரிய சத்தமும் எட்டுவதில்லை. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் இதைக் கற்றல் குறைபாட்டோடு இணைத்து 1972-ல் நூல் எழுதினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம், மற்றவர்களிடமும் உண்டு.

வகுப்பில் தெரியும் அடையாளங்கள்

1. அதிகமாக உணர்பவர்கள்: மணி அடித்தால், கூட்டாக ஓதினால் காதைப் பொத்துவார்கள். கோரைப் பாயின் சொரசொரப்பு, சட்டைக் காலரின் உறுத்தல், தொப்பியின் இறுக்கம் தாங்காது. யாராவது லேசாக உரசினாலும் தள்ளிவிடுவார்கள்.

2. குறைவாக உணர்பவர்கள்: பலமுறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். விழுந்து அடிபட்டாலும் அழுவது குறைவு. எதிலாவது சாய்ந்தே இருப்பார்கள்.

3. உணர்வைத் தேடுபவர்கள்: சுற்றுவது, குதிப்பது, பென்சிலையும் சட்டைக் காலரையும் கடிப்பது, பக்கத்துப் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பது.

ஒரு நாள் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு நடந்தது என்று இரண்டு மூன்று வாரம் குறித்து வைக்க வேண்டும். சத்தம் கூடும்போதெல்லாம் ஒரே மாதிரி நடந்தால் அது சேட்டை அல்ல என்று சந்தேகிக்க இடமுண்டு. கண், காது பரிசோதனையை முதலில் செய்துவிட வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. குறித்ததைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது ஆசிரியர் வேலை அல்ல.

உடனே செய்யக்கூடியவை

சத்தம் குறைந்த ஓரத்தில் இடம் கொடுக்கலாம். பாய் உறுத்தினால் மேலே ஒரு துணி விரிக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை கரும்பலகை துடைக்க, கிதாபுகளை எடுத்துவர அனுப்பலாம். மணி அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம். பின்னாலிருந்து திடீரெனத் தொடாமல், முன்னால் வந்து பேசலாம். அடி எந்த வகையிலும் உதவாது. குழந்தையின் அழுகை கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒரு பிள்ளைக்காகப் பாடத்தைச் சற்று மாற்றுவது நமக்குப் பெரிய காரியமா?

எங்கே போவது?

அரசு மருத்துவமனை சார்ந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள், 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சிறு குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியுள்ளது.

"பிள்ளைக்குக் குறை என்று ஊர் பேசுமே" என்று தள்ளிப்போடும் பெற்றோர் நம்மிடையே அதிகம். சிறு வயதில் கிடைக்கும் பயிற்சிக்குப் பலன் கூடுதல். தாமதித்தால், தான் கெட்ட பிள்ளை என்று அந்தக் குழந்தையே நம்பத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, இந்த வாரமே உஸ்தாதும் ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசினால் போதும்.