விதி மாறும்போது: சிந்தனை நெகிழ்வை அளந்த வரலாறு

ஒரு விதிப்படி பழகிய செயலைச் சூழல் மாறியதும் கைவிட்டு, வேறொரு விதிக்கு மாறிக்கொள்ளும் ஆற்றலை உளவியலாளர் சிந்தனை நெகிழ்வு என்பர். இதனை அளப்பதற்கென எஸ்தா பெர்க், டேவிட் கிராண்ட் ஆகியோர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1948-இல் வெளியிட்ட சீட்டுச் சோதனை, பின்வந்த சோதனைகள் பலவற்றுக்கு முன்னோடியாயிற்று. முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, வட்டம் ஆகிய உருவங்கள் வெவ்வேறு நிறத்திலும் எண்ணிக்கையிலும் அமைந்த சீட்டுகளை எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதைச் சொல்லாமல், 'சரி', 'தவறு' என்று மட்டும் கூறி, ஒருவர் விதியைக் கண்டுகொண்டு தொடர்ந்து சரியாகப் பிரிக்கத் தொடங்கியதும் அறிவிப்பின்றி அவ்விதியை மாற்றிவிடுவதே இதன் முறை. வலிப்பு நோய்க்காக மூளையின் முன்மடலில் ஒரு பகுதி அகற்றப்பட்டோர், 'தவறு' என்று பலமுறை கேட்ட பின்னும் பழைய விதியையே பற்றி நின்றதை 1963-இல் மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் காட்டினார். அதுமுதல் இச்சோதனை முன்மடலின் அளவுகோலாகவே கருதப்படலாயிற்று.

குழந்தைகளுக்கேற்ற எளிய வடிவத்தை பிலிப் ஜெலாசோவும் அவருடன் ஆய்ந்தோரும் 1996-இல் வெளியிட்டனர். நீல முயல் வரைந்த தட்டு ஒன்றும் சிவப்புப் படகு வரைந்த தட்டு ஒன்றும் குழந்தையின் முன் வைக்கப்படும். கையில் தரப்படும் சிவப்பு முயலை, நிற விளையாட்டில் சிவப்புப் படகுத் தட்டிலும் வடிவ விளையாட்டில் நீல முயல் தட்டிலும் இட வேண்டும். நிற விளையாட்டு முடிந்து வடிவ விளையாட்டு தொடங்கிவிட்டதென்று சொல்லி, "இப்போது முயல் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை சரியான தட்டையே சுட்டிக்காட்டும், ஆனால் சீட்டைக் கையில் கொடுத்ததும் பழையபடி சிவப்புப் படகின் பக்கமே இட்டுவிடும். ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தடுமாறாமல் செய்கின்றனர். அறிந்த விதி கையின் செயலாக மாறுவதற்கே தனியான ஒரு வளர்ச்சி தேவை என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் விடாப்பிடியைக் கீழ்ப்படியாமை என்று கொள்வது பெரும் பிழை என்பதும் இதனால் விளங்கும்.

ஆட்டிசம் பற்றிய வரலாறு வேறொரு வழியில் வந்து இச்சோதனைகளின் வரலாற்றோடு சேர்ந்தது. பால்டிமோரில் பணியாற்றிய லியோ கேனர், 1943-இல் பதினொரு குழந்தைகளை விவரித்தபோது, அறையின் ஒழுங்கோ அன்றாட நடைமுறையோ சிறிது மாறினாலும் அவர்கள் பெருந்துயருற்றதை முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தார். திட்டமிடல், தன்னடக்கம், நெகிழ்வு முதலியவற்றை ஒருங்கே குறிக்கும் செயலாட்சித் திறனின் குறைபாடே ஆட்டிசத்தின் வேர் என்னும் கருத்து, விஸ்கான்சின் சீட்டுச் சோதனை முடிவுகளின் துணையோடு 1990-களில் வலுப்பெற்றது. ஆயினும் 1995-இல் சாலி ஓசனாஃப் இச்சோதனையை மனிதர் நடத்துவதற்குப் பதில் கணினி வழியே நடத்தியபோது, ஆட்டிசம் உடையோரின் தேர்ச்சி உயர்ந்தது. எதிரிலிருந்து 'தவறு' என்னும் மனிதரைப் புரிந்துகொள்ளும் சுமையும் மதிப்பெண்ணில் கலந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆட்டிசம் உடையோரிடம் அன்றாட வாழ்வில் வெளிப்படையாகத் தெரியும் இறுக்கம் ஆய்வுக்கூடச் சோதனைகளில் சீராகத் தென்படுவதில்லை என்பதை ஹில்டே கர்ட்ஸ் முதலியோர் 2009-இல் எழுதிய கட்டுரை முரண் என்றே குறித்தது. சீட்டுகளை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் மனம் நெகிழாதது என்று தீர்ப்பளிக்க, அச்சீட்டுகளின் வரலாறே இடம் தரவில்லை.