மழைநீருக்கு இடம் தேடிய கதை: அனகாஸ்டியா வடிநிலத்தில் பின்சேர்ப்புத் திட்டமிடலின் வளர்ச்சி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் கிழக்குப் பக்கமாக ஓடிப் பொட்டோமக் ஆற்றில் கலக்கிறது அனகாஸ்டியா. அதன் வடிநிலம் சுமார் 456 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டங்களில் கிடக்கிறது, மிச்சம்தான் தலைநகருக்குள். ஆறு நாறுவது ஓரிடத்தில், அதற்கான காரணம் விளைவது வேறு ஆட்சி எல்லைக்குள். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வந்த ஒப்பந்தங்களும் சட்டங்களும் வரிச்சண்டைகளும் புரியும்.

கேடு தொடங்கியது கான்கிரீட்டோடு அல்ல. 1742இல் நிறுவப்பட்ட பிளேடன்ஸ்பர்க் துறைமுகத்துக்குக் கடலோடிக் கப்பல்கள் வந்து புகையிலை ஏற்றிச் சென்றன. அந்தப் புகையிலைக்காகக் காடு அழிக்கப்பட்டது. உழுத மண் மழையோடு இறங்கி ஆற்றைத் தூர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கப்பல் வர முடியாதபடி மேடாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் ராணுவப் பொறியாளர் படை ஆற்றைத் தூர்வாரி, கரைச்சுவர் எழுப்பி, சதுப்பு நிலங்களை நிரப்பியது. மேட்டில் நடந்த பிழைக்கு மருந்தைப் பள்ளத்தில் தேடிய முதல் முயற்சி அது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தலைநகரைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. கூரை, சாலை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றில் விழும் நீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறோமோ அவ்வளவு நல்ல வடிகால் என்பதே அன்றைய பொறியியல். ஒரு ஏக்கர் கான்கிரீட் தரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் சேரும். அது குழாய் வழியே நேராக ஓடைக்குப் போனது. ஸ்லைகோ போன்ற கிளையோடைகள் ஒரு மணிநேர மழைக்கே கரை அரித்து ஆழமாகின. தரைக்குள் நீர் இறங்காததால் கோடையில் அதே ஓடைகள் வறண்டு கிடந்தன. பெருக்கும் வறட்சியும் இங்கே ஒரே நோயின் இரு முகங்கள்.

மேரிலாந்து இதற்கு முந்திக்கொண்டு சட்டம் செய்தது. 1970இல் கட்டுமானத் தலங்களின் மண் அரிப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1982இல் மழைநீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஆனால் பின்னது புதிய கட்டடங்களைத்தான் கட்டுப்படுத்தியது. அனகாஸ்டியா வடிநிலத்தின் பெரும்பகுதி அதற்குள் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. சட்டத்துக்கு முன்பே எழுந்துவிட்ட ஊரை என்ன செய்வது? ஆங்கிலத்தில் ‘ரெட்ரோஃபிட்’ எனப்படும் முறை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இதை நான் பின்சேர்ப்பு என்று குறிக்கிறேன். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்துக் குழாய் பதிப்பது போன்ற வேலை இது. இதன் வரலாற்றை நீரியலின் வரலாறாக எழுதுவது வழக்கம். எனக்கு அது இடம் தேடிய வரலாறாகவே தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது விரைவிலேயே தெளிவாகிவிட்டது. எங்கே செய்வது, அது யாருடைய நிலம் என்பவைதான் ஒவ்வொரு கட்டத்திலும் திட்டத்தின் வடிவத்தை மாற்றின.

1987இல் தலைநகரும் மேரிலாந்தும் இரு மாவட்டங்களும் சேர்ந்து அனகாஸ்டியா மீட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில், வாஷிங்டன் வட்டார அரசுகளின் கூட்டமைப்பில் பணியாற்றிய டாம் ஷூலர் நகர மழைநீரைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளுக்கான கையேட்டை எழுதினார். ஏட்டில் இருந்ததைத் தரையில் சோதித்த இடம் ஸ்லைகோவின் கிளையான வீட்டன் ஓடை. வணிகத் தெருக்களும் வீடுகளும் அடர்ந்த சுமார் 800 ஏக்கரின் நீர் அதில் இறங்கியது. அந்தப் பரப்பில் பாதிக்கு மேல் நீர் இறங்காத தரை. அங்கே 1990இல் அடுத்தடுத்து மூன்று பகுதிகள் கொண்ட குளத் தொகுதி அமைக்கப்பட்டது. நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக இறங்கும், வண்டல் தங்கும், சிறு மழையின் நீர்கூட நிதானமாக வெளியேறும்.

குளத்தைவிட முக்கியமானது வேலை நடந்த வரிசை. முதலில் மேட்டில் குளம். வேகம் அடங்கிய பிறகு கீழே ஓடைப் படுகையில் கல்லும் மரத்தடியும் வைத்துச் சீரமைப்பு. பிறகு கரையில் மரம். கடைசியாக, பக்கத்து ஓடைகளிலிருந்து பிடித்துவந்த நாட்டு மீன்கள். தாக்குப்பிடிக்கும் ஓரிரு இனங்கள் மட்டுமே எஞ்சியிருந்த ஓடையில் இனங்களின் எண்ணிக்கை கூடியது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய இடங்களில் அடுத்த பெருமழையே செய்த வேலையை அடித்துக்கொண்டு போயிருக்கும். மேட்டு நீரை அடக்காமல் ஓடைக்கரையை அழகுபடுத்துவதை மீட்பு என்று அழைக்கக்கூடாது என்பதே வீட்டன் தந்த சான்று.

ஆனால் வீட்டன் போன்ற காலியிடம் எல்லா ஓடைக்கும் வாய்க்கவில்லை. குளத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். ஓடையோரத்தில் எஞ்சியிருந்ததோ பூங்காவும் காடும். அவற்றை வெட்டிக் குளமாக்குவதும் ஓர் அழிவுதானே! இந்த நெருக்கடிக்கு விடை பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் லாரி காஃப்மனும் அவருடைய குழுவினரும் மழைத் தோட்டத்தை உருவாக்கினர்: பள்ளமாக்கிய நிலத்தில் மணலும் மண்ணும் மட்கும் கலந்து நிரப்பி, செடி வைத்து, கூரை நீரையும் சாலை நீரையும் அதற்குள் இறக்குவது. சாமர்செட் என்ற புதுக் குடியிருப்பில் பொதுக் குளத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு மழைத் தோட்டம் வைத்தார்கள், செலவும் குறைந்தது. அது புதுக் கட்டுமானத்துக்காகப் பிறந்த யோசனை. ஆனால் பழைய ஊருக்குத்தான் அது அதிகம் பொருந்தியது. சாலையோரத் துண்டு நிலம், பள்ளிக்கூட முற்றம், கோயில் வாகன நிறுத்தத்தின் நடுவே உள்ள புல்திட்டு எல்லாம் திடீரென இடமாகத் தெரியத் தொடங்கின.

ஷூலர் 1992இல் வடிநிலப் பாதுகாப்பு மையத்தைத் தொடங்கினார். இரண்டாண்டு கழித்து அவர் எழுதிய கட்டுரை, ஒரு வடிநிலத்தில் நீர் இறங்காத தரை 10 விழுக்காட்டைத் தாண்டும்போது ஓடையின் உயிர்கள் குறையத் தொடங்குகின்றன, 25 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் சீர்கெட்டுவிடுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. ஒரே பரப்புள்ள புல்வெளியைவிட வாகன நிறுத்துமிடம் சுமார் 16 மடங்கு நீரை வழியவிடும் என்ற கணக்கும் அதில்தான் வருகிறது. எளிமையான எண்கள் என்பதால் திட்ட அலுவலர்கள் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டனர். 25ஐத் தாண்டிய ஓடைகளைக் கைவிடுவதற்கு அந்த எண்கள் சாக்காகிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. வீட்டன் ஓடையே அந்த எல்லையை எப்போதோ கடந்ததுதான்.

அந்த மையம் 2007இல் வெளியிட்ட பின்சேர்ப்புக் கையேடு, சிதறிய அனுபவங்களை எட்டுப் படிகளாக்கியது. வேலையின் எல்லையை வகுத்தல், மேசையில் வரைபடம் கொண்டு இடம் தேடல், களத்தில் நடந்து பார்த்தல், பட்டியலிடல், தரவரிசை, மொத்தப் பலனைக் கணித்தல், வடிவமைத்துக் கட்டுதல், பராமரித்தல். இவற்றுள் களநடைக்கு நான் தனியிடம் தருவேன். வரைபடத்தில் காலியாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றால்தான் அடியில் எரிவாயுக் குழாய் போவதும், குழந்தைகள் அங்கே பந்து விளையாடுவதும், குழாயின் வாய் குளத்தைவிடத் தாழ்வாக இருப்பதும் தெரியும். கையேடு பெரிய தேக்க இடங்களையும், நீர் விழும் இடத்திலேயே அதைப் பிடிக்கும் சிறிய இடங்களையும் தனித்தனியே பிரித்தது. பெரியவற்றை முதலில் தேடு, கிடைக்காத இடத்தில் சிறியவற்றைக் குவி என்பது அதன் போக்கு.

2010இல் அனகாஸ்டியாவுக்கான முழுத் திட்டம் வந்தபோது, 3,000க்கும் மேற்பட்ட பணிகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அதோடு தேடல் நிலத்திலிருந்து பணத்துக்குத் திரும்பியது. மேரிலாந்து 2012இல் தன் பத்துப் பெரிய ஆட்சிப் பகுதிகள் மழைநீர்க் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. எதிர்ப்பாளர்கள் அதை ‘மழை வரி’ என்றனர், பெயர் ஒட்டிக்கொண்டது. 2015இல் கட்டாயம் நீக்கப்பட்டது. வானத்திலிருந்து விழுவதற்கு யாரும் வரி போடவில்லை, நீர் இறங்காமல் மூடிய தரைக்குத்தான் கட்டணம் என்பதை மக்களுக்கு விளக்க முடியாமல் போனது பெரிய இழப்பு.

தலைநகர் வேறு வழியில் போனது. 2013 விதிப்படி 5,000 சதுர அடி அல்லது அதற்கு மேல் நிலத்தைக் கலைக்கும் பெரும் கட்டுமானங்கள் 1.2 அங்குல மழையைத் தம் மனையிலேயே நிறுத்த வேண்டும். குறைந்தது பாதியை அங்கே நிறுத்தியாக வேண்டும் என்று அந்த விதி அப்போது வகுத்தது. மீதியை, வேறிடத்தில் விரும்பிப் பின்சேர்ப்பு செய்தவரிடமிருந்து வரவாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு வரவு என்பது ஓராண்டுக்கு ஒரு காலன் நீரைத் தேக்கும் திறன். நகர மையத்தின் மனைவிலை இப்படி ஆற்றோரக் குடியிருப்புகளின் மழைத் தோட்டங்களுக்குப் பணம் அனுப்பும் வழியானது. இடத்தைத் தேடும் வேலை ஓரளவு சந்தையின் கைக்குப் போனது.

ஆற்றின் மாற்றத்தை மீன்களின் உடம்பில் பார்க்கலாம். 1990களில் அனகாஸ்டியாவில் பிடித்த பெரிய கெளுத்தி மீன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஈரலில் கட்டிகள் இருந்தன. எரிபொருள் புகையும் எண்ணெயும் மழையோடு இறங்கி வண்டலில் தங்கியது அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. பிந்தைய ஆய்வுகளில் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்தது. ஆற்றுக்கு வருவது சாலை நீர் மட்டுமல்ல. தலைநகரின் மூன்றில் ஒரு பங்கில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன; பெருமழையில் அவை ஆற்றில் கொட்டுவதைத் தடுக்கச் சுமார் 7 மீட்டர் விட்டமுள்ள சுரங்கங்கள் தோண்டப்பட்டு, ஒன்று 2018இலும் அடுத்தது 2023இலும் இயங்கத் தொடங்கின. அவை நகரத்துக் குழாய்களுக்கு உரியவை. பிளேடன்ஸ்பர்க்குக்கு மேலே, வீட்டனிலும் ஸ்லைகோவின் மற்றக் கரைகளிலும் பெய்கிற மழை அந்தச் சுரங்கங்களைத் தொடாமலேயே ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது.