கொள்ளைநோயும் கைமருந்தும்



2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாள்களில் மாணவர்களைத் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் காதில் விழும். "பாட்டி கசாயம் கொடுத்தாங்க சார், ரொம்பக் கசப்பு!" படித்த பெற்றோரின் இல்லங்களிலும் இதே நிலைதான். மருத்துவமனைகள் நிறைந்த இக்காலத்திலும், கொள்ளைநோய் வந்தவுடன் மக்கள் அடுப்பங்கரையை நாடுவது ஏன்? சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1918இல் உலகை உலுக்கிய இன்புளுவென்சா காய்ச்சல், அவ்வாண்டு அக்டோபர் வாக்கில் மலாயாவைக் கடுமையாகத் தாக்கியது. இங்கு மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருப்பர் என்பது ஆய்வாளர் கணிப்பு. நெருக்கமான லயன் வீடுகளில் வாழ்ந்த நம் தோட்டப் பாட்டாளிகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

அன்றைய மருத்துவர்களிடம் என்ன இருந்தது? மலேரியாவுக்கு உரிய கொயினா இருந்தது. காய்ச்சலைத் தணிக்க ஆஸ்பிரின் இருந்தது. அந்நோயின் கிருமியோ 1933இல்தான் மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது. அதைத் தொடர்ந்து வரும் நுரையீரல் அழற்சிக்குப் பென்சிலின் 1940களில்தான் கைக்கு எட்டியது. ஆகவே, வெள்ளைக்கார மருத்துவரிடமும் மருந்தில்லை. வீட்டுக் கிழவியிடமும் மருந்தில்லை. ஆனால், கிழவி பக்கத்தில் இருந்தாள்!

இதுவே முதற்காரணம். மருத்துவம் கைவிரிக்கும் வேளையில் மனிதன் தனக்கு எட்டியதைப் பற்றிக்கொள்கிறான். சுக்கும் மிளகும் துளசியும் செலவில்லாதவை. வாசலைத் தாண்டாமல் கிடைப்பவை.

இரண்டாவது காரணம் மனத்தைச் சார்ந்தது. நோய்க்கு அஞ்சிச் சும்மா அமர்ந்திருப்பது பெருந்துன்பம். கசாயம் காய்ச்சுபவர் ஏதோ ஒன்றைச் செய்கிறார். தம் பிள்ளையைக் காக்கிறோம் என்னும் நிறைவைப் பெறுகிறார். அக்கசப்பில் அன்பும் கலந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் மரபின்மீதுள்ள பற்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தில், நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இலேயே முகம்மது உசுமான் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில் தமிழக அரசே பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்க முன்வந்தது. அரசே கொடுக்கும்போது நம்பிக்கை வளராதா?

ஆயினும், நம்பிக்கை வேறு, சான்று வேறு. நாம் நிலவேம்பு என்பதை மலாய்க்காரர் 'ஹெம்பெடு பூமி' என்பர். அதே செடியைத் தாய்லாந்து அரசு கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஆனால், அது நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. மறுபுறம், சீனத்தின் தூ யூயூ அம்மையார் பழஞ்சுவடி சொன்ன மூலிகையொன்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து மலேரியா மருந்தைக் கண்டார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அவருக்குச் சுவடி வழிகாட்டியது. சோதனையே அதனை மருந்தாக்கியது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், மூச்சுத்திணறல் கண்ட பின்னரும் மூன்று நாள்கள் கசாயத்தையே நம்பியிருந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன்.

அன்புப் பெற்றோர்களே, பாட்டியின் கசாயத்தைப் பிள்ளைகள் எள்ளி நகையாட விடவேண்டாம். அஃது ஓர் இனத்தின் அனுபவம். ஆனால், தொண்டைக்கு இதம் தருவது கைமருந்து என்றும், மூச்சு முட்டினால் நாடவேண்டியது மருத்துவமனை என்றும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். 1918இல் நம் முன்னோர்க்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு.