நடைதூரத்திலிருந்து தொலைதூரத்துக்கு: சென்னைக் குடும்பங்களின் உலா வரலாறு

சென்னையில் பிள்ளைகுட்டிகளோடு வெளியே போய்வரும் வழக்கத்தின் வரலாற்றை மெரினாவிலிருந்து தொடங்குவது பொருந்தாது. மெரினா உலாச்சாலைக்குச் சுமார் முப்பது ஆண்டுகள் முன்பே எழும்பூரில், விலங்குக் கூண்டுகளின் முன்னால் அது தொடங்கிவிட்டது. 1851இல் திறக்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் சில ஆண்டுகளில் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அதன் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்பதைக் கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்துவந்த விலங்குகளைப் பெற்றார். 1855இல் அருங்காட்சியகத்துக்குள்ளேயே விலங்குக் காட்சிசாலை உருவானது.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி பீப்பிள்ஸ் பார்க்கை அமைக்க முனைந்தார். 116 ஏக்கர் பரப்பு. குளங்கள், வண்டிப்பாதைகள், பேண்டு வாத்திய மேடை. 1863இல் விலங்குக் காட்சிசாலை நகராட்சியின் கைக்கு மாறி இங்கே இடம்பெயர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. வால்டாக்ஸ் சாலைக்காரர்களும் சூளைக்காரர்களும் நடந்தே வந்துவிடக்கூடிய இடம். ‘உயிர் காலேஜ்’ என்று இதற்கும், ‘செத்த காலேஜ்’ என்று அருங்காட்சியகத்துக்கும் சென்னைவாசிகள் பெயர் வைத்தார்கள்.

இந்த இடங்களுக்குக் கூட்டம் சேர்த்ததில் பொங்கல் மறுநாட்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. கிராமத்தில் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போவது பழைய வழக்கம். நகரத்துக்குக் குடிவந்தவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. புளியோதரையையும் தயிர்சாதத்தையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு உயிர் காலேஜ், செத்த காலேஜ், கடற்கரை என்று வழியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் கட்டிய பூங்காவை ஆற்றங்கரையாக்கிக்கொண்டது நம் பெண்களும் குழந்தைகளும்தான். அரசு ஆவணங்களை மட்டும் வைத்து எழுதும்போது இந்தப் பங்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்தக் கூட்டத்துக்கு நேர்ந்த பெருந்துயரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பீப்பிள்ஸ் பார்க்கில் ஆண்டுக் கடைசியில் நடக்கும் பார்க் கண்காட்சியில், 1886 டிசம்பர் 31 அன்று தீப்பிடித்தது. வேடிக்கை பார்க்க வந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். மகிழ்ச்சிக்காக மக்கள் திரளும் இடத்தில் எத்தனை வாசல், எந்த வழியாக வெளியேறுவது என்ற கேள்விகள் அன்றே எழுந்திருக்க வேண்டியவை.

மெரினாவின் கதை துறைமுகத்தோடு பிணைந்தது. வங்கக் கடலோரத்தில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களின் நடுப்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைபட்டது. சுவரின் தென்புறம் மணல் சேர்ந்தது. ஒரு காலத்தில் சாலைக்கு அருகே அடித்த அலை விலகி விலகிப் போனது. அப்படிக் கிடைத்த மணல்வெளியை ஒட்டித்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களின் நடுவில் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் பலேர்மோ நகர நினைவில் மெரினா என்று பெயரிட்டார். மணல் வந்து சேராத வடபுறத்தில் கடல் நிலத்தைத் தின்றது. ராயபுரத்துக்கு வடக்கே இன்று கருங்கல் கொட்டி அலையைத் தடுக்கிறார்கள். தென்சென்னைக்கு வாய்த்த மணலும் வடசென்னை இழந்த கரையும் ஒரே சுவரின் விளைவுகள்.

இந்த இடங்களுக்குப் போகும் வழிகளும் மாறின. 1895இல் மின்சார டிராம் வந்தது. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் நகரத்து எல்லையே நீண்டுவிட்டது. மாமல்லபுரம் போக மட்டும் அப்போதும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் நல்ல வழி. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ நண்பர்களோடு அவர் போன அப்படியொரு படகுப் பயணத்தைப் பாடுகிறது. கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் சென்ற தொழிலாளர்கள் பட்ட பாட்டையும் அதில் அவர் காட்டுகிறார். உல்லாசப் பயணத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்ட அந்தக் கவிதையை, கால்வாய்ப் போக்குவரத்துக்கான சான்றாகவும் ஆய்வாளர்கள் படிக்க வேண்டும்.

பின்வந்த மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பீப்பிள்ஸ் பார்க் நிலம் துண்டுதுண்டாகக் கட்டடங்களுக்கும் விளையாட்டரங்குக்கும் போனது. இடம் போதாமல் நெருக்கடியில் இருந்த விலங்குகளுக்கு வண்டலூர்க் காட்டில் சுமார் 500 எக்டேர் ஒதுக்கப்பட்டு, 1985இல் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணையை அமைத்தார். அதே கடலோரச் சாலையில், என்ன செய்தாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்கவைக்க வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில் குழந்தைகள் படாதபாடு பட்டார்கள். 1990களில் கிஷ்கிந்தா, எம்.ஜி.எம். போன்ற கட்டணப் பூங்காக்கள் வந்தன.

விலங்குகளுக்கு வண்டலூர் நன்மை செய்தது, அதில் ஐயமில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் நாலு பேர் உள்ள கூலிக் குடும்பத்தின் கணக்கு வேறு. அவர்களுடைய பாட்டன் காலத்தில் சோற்றுத் தூக்கோடு நடந்துபோய்க் காசில்லாமல் புலி பார்க்க முடிந்தது. இன்று போகவர ரயில் கட்டணம், நுழைவுச்சீட்டு, ஒரு முழுநாள் கூலி இழப்பு. அந்தக் குடும்பத்துக்கு இன்னும் எட்டக்கூடியது மெரினாதான். காணும் பொங்கலன்று அங்கே காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு பட்டை கட்டுகிறார்கள். கடலில் இறங்காதபடி சவுக்குக் கட்டைகளால் தடுப்பு வைக்கிறார்கள். இந்த ஏற்பாடு நல்லதே. அதோடு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள மக்களுக்கு நடைதூரத்தில், கட்டணமில்லாத பெரிய பூங்கா ஒன்றை மாநகராட்சி தர வேண்டும். 1863இல் ஒரு நகராட்சியால் அதைச் செய்ய முடிந்திருக்கிறது.