காலுறை பின்னல்

காலுறை பின்னல் என்பது கம்பளி நூல் அல்லது பருத்தி நூலைக் கொண்டு, பின்னல் ஊசிகளின் துணையுடன் கையாலேயே காலுறை செய்யும் வீட்டுக் கைவினை ஆகும். பேச்சு வழக்கில் இது சாக்ஸ் பின்னுதல் எனப்படுகிறது. நெசவில் பாவு, ஊடை என இரு வகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணிகளாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணிகளின் ஊடே அடுத்த வரிசை இழுக்கப்படுகிறது. இதனால் பின்னப்பட்ட துணி இழுத்தால் நீண்டும் விட்டால் சுருங்கியும் காலோடு ஒட்டி நிற்கிறது. இயந்திரக் காலுறைகள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்திலும், பிறப்பு, திருமணம் முதலிய குடும்ப நிகழ்வுகளுக்குரிய அன்பளிப்பாக இக்கைவினை பல நாடுகளில் நிலைத்துள்ளது.

கருவிகளும் செய்முறையும்

காலுறை குழாய் வடிவில் அமைவதால், இரு முனைகளும் கூராக உள்ள நான்கு அல்லது ஐந்து ஊசிகள் பயன்படுத்தப்படுகின்றன. கண்ணிகள் மூன்று அல்லது நான்கு ஊசிகளில் பகிர்ந்து வைக்கப்படும். எஞ்சிய ஓர் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னப்படும்.

காலுறை வழுவாமல் நிற்க, அது பாதத்தின் சுற்றளவைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. எனில் காலுறையின் சுற்றளவு ஏறத்தாழ 20 செ.மீ. ஆகும். மெல்லிய நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணிகள் விழுமானால், தொடக்கத்தில் 64 கண்ணிகள் தேவை. மேலிருந்து கீழாகப் பின்னும் முறையின் படிநிலைகள் பின்வருமாறு:

1. மேல் விளிம்பு நெகிழ்வுடன் இருக்குமாறு வரிவரியாகப் பின்னப்படும்.
2. கணுக்கால் வரையிலான பகுதி குழாயாகப் பின்னப்படும்.
3. பாதிக் கண்ணிகளை (மேற்கண்ட கணக்கில் 32) மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னிக் குதிகால் மடல் அமைக்கப்படும். பின்னர் அதன் நடுப்பகுதியில் கண்ணிகளைக் குறைத்துக் கிண்ணம் போன்ற வளைவு உண்டாக்கப்படும்.
4. மடலின் இரு ஓரங்களிலும் புதிய கண்ணிகள் எடுக்கப்பட்டு, மீண்டும் குழாயாகப் பாதப்பகுதி பின்னப்படும்.
5. விரல்களின் அருகே கண்ணிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, முனை தைத்து மூடப்படும்.

இவற்றுள் குதிகால் வளைவே கடினமான பகுதியாகக் கருதப்படுகிறது. இந்த அளவில் ஒரு காலுறைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் தேவைப்படும்.

வரலாறு

எகிப்தில் கிடைத்த பழங்காலக் காலுறைகள் ஒற்றை ஊசியால் முடிச்சிடும் வேறொரு முறையில் செய்யப்பட்டவை. செருப்பு வார் நுழைவதற்காக அவற்றில் கட்டைவிரல் தனியே பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று கி.பி. 300ஆம் ஆண்டளவில் ஒரு குழந்தையின் இடது காலுக்காகச் செய்யப்பட்டது. இது இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்று தாவரச் சாயங்களைக் கொண்டே இதன் பல வண்ணப் பட்டைகள் உருவாக்கப்பட்டன என்பது 2018இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. இன்றைய முறையில் பின்னப்பட்ட மிகப் பழைய காலுறைகளும் எகிப்தைச் சேர்ந்தவையே. இவை கி.பி. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான, அவுரி நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகளாகும்.

1589இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைப்போரின் வாழ்வு கெடும் என்று கருதி முதலாம் எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை வழங்க மறுத்ததாகக் கூறப்படுகிறது. திருப்பூரின் பனியன் தொழில் உள்ளிட்ட இன்றைய பின்னலாடைத் தொழிலின் இயந்திரங்களுக்கு இப்பொறியே முன்னோடி ஆகும்.

முதல் உலகப் போரில், ஈரமான பதுங்கு குழிகளில் நின்ற படைவீரர்களின் பாதங்கள் அழுகின. அதைத் தடுக்க உலர்ந்த காலுறைகள் பெருமளவில் தேவைப்பட்டதால், பல நாடுகளில் பெண்கள் வீடுகளில் பின்னி அனுப்பினர். விரல் முனையைத் தையல் தெரியாமல் மூடும் முறை, அக்காலப் பிரித்தானியப் போர் அமைச்சர் கிச்சனரின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இந்தியாவில்

இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கு இக்கைவினைக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேலாங் ஊருக்கு வந்த மொரேவியன் திருச்சபை மறைப்பணியாளர்களுள் ஒருவரான மரியா ஐடே, உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்பித்தார். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரை, ரோதாங் கணவாயில் பனி மூடும் மாதங்களில் இப்பள்ளத்தாக்கிற்குச் சாலைப் போக்குவரத்து இருக்காது. வீட்டினுள் கழியும் அந்நாட்களுக்கு ஏற்ற பணியாகப் பின்னல் அமைந்தது. பல வண்ண வடிவங்கள் கொண்ட லாகூல் காலுறைகளும் கையுறைகளும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன.

குடும்ப நிகழ்வுகளில்

எசுத்தோனியா, லாத்வியா ஆகிய நாடுகளில் மணப்பெண் பல ஆண்டுகளாகப் பின்னிச் சேர்த்த காலுறைகளையும் கையுறைகளையும் திருமணத்தன்று மணமகன் வீட்டாருக்கு வழங்குவது பழைய மரபாகும். மேலை நாடுகளில் பிறக்கவிருக்கும் குழந்தைக்காகப் பாட்டிமார் காலுறை பின்னுவது இயல்பு.

தமிழகத்தில் இவ்வழக்கம் சற்று வேறுபடுகிறது. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரும் பெண்ணின் குழந்தைக்குப் பிறப்புக்கு முன்பே புதுத் துணி வாங்குவதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டி, பருத்திப் புடவைத் துணிகளே பயன்படுகின்றன. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் கம்பளி ஆடை ஆண்டு முழுதும் பயன்படும். சிதம்பரம், கீரப்பாளையம் போன்ற கடலூர் மாவட்டச் சமவெளி ஊர்களில் மார்கழி, தைப் பனியின்போது மட்டும் கைக்குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் அணிவிக்கப்படும். இங்குள்ள வெப்பத்துக்குப் பருத்தி நூலே ஏற்றது.

குழந்தைகளின் காலுறை

எடை குறைந்து பிறந்த குழந்தைகள் உடல் வெப்பத்தை விரைவில் இழக்கின்றன. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு தாய் பராமரிப்பு முறையில், குழந்தை தாயின் மார்போடு தோல் படுமாறு வைக்கப்படுகிறது. அப்போது குழந்தைக்கு அணைத்துணி, தொப்பி, காலுறை ஆகியன மட்டுமே அணிவிக்கப்படும்.

பின்னிய காலுறையின் உட்புறம் தளர்ந்த நூல் இருப்பின், அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். வண்ண வடிவக் காலுறைகளில் உட்புறம் நூல்கள் குறுக்கே செல்வதால் இந்த ஆபத்து மிகுதி. எனவே அணிவிக்கும் முன் காலுறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் பார்த்து, தளர்ந்த நூல்களை வெட்டுதல் வேண்டும். காரணமின்றி விடாது அழும் குழந்தையின் காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்ப்பது நலம். விரல் சிவந்து வீங்கியிருந்து நூலை எளிதில் எடுக்க இயலாவிடில், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

பின்னலாடை
கம்பளி
வளைகாப்பு
புவிசார் குறியீடு